நாலு இரவு

பன்னிரண்டரைக்குச் சலவை யந்திரங்கள் ஓயும்.
ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே
டச்சுக்குடா மணலில்
சோற்றுப் பெட்டிகளைத் திறந்தபடி
நாங்கள் மூன்று பேர்
இந்தியாவைக் குறுக்கறுக்கிறோம்.

கன்னியாகுமரியில் ஏறினால்
இறங்குவது திப்ருகரில். ஒரே ரயில். நாலு இரவு.
"நாலோ?" என்று மிஸ்ரியா
வாயிலிருந்த மீன்முள்ளை எடுத்துக் கீழே வைத்தாள்.
இங்கே இரவு ரயிலில் ஏறினால்
விடியமுன் கொழும்பு.
அதற்கங்கால் ஓட நிலமில்லை.

எழுதுகிறவள் நான்,
விரிப்புக் கணக்கு எழுதுகிறவளும் நான் என்பதால்:
வந்தது, போனது, கிழிந்தது, கறை போகாதது.
அங்கத்தைய ஒரு ரூபாய்க்கு எங்கட மூன்றரை.
விமானம் என்ற வரியிலேயே
சீட்டுக்காசில் பாதி கரைந்தது.
விடுதி வெட்டு. ரயில்தான் விடுதி.
சாப்பாட்டுக்கு ரொட்டி, இடிச்ச சம்பல்,
மூன்றாம் நாளிலிருந்து வாழைப்பழம்.
"கருவாடு பொரிச்சுக் கொண்டு போவம்" என்றாள் மிஸ்ரியா.
"பெட்டியில இருக்கிற சனம் எழும்பி ஓடும்."
"ஓடட்டும். பெட்டி முழுக்க எங்களுக்கு."

குளிரூட்டாத பெட்டியில்
விரிப்பும் தலையணையும் தரமாட்டார்களாம்.
ஜசிந்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
பதினெட்டு வருடம். நாளைக்கு நானூறு விரிப்பு.
குளோரின் தின்ற விரல்களால் கண்ணைத் துடைத்து,
"நான் ஒண்டும் கொண்டு வரமாட்டன்.
வெறும் பலகையில படுப்பன்" என்றாள்.

அப்போதுதான் மான் வந்தது.
எங்கள் ஊர் மான் காடு கண்டதில்லை.
பேருந்து நிலையத்தில் பிறந்து
கச்சான் பேப்பரில் வளர்ந்தது.
வாழைத்தோலுக்கு வருகிறது என்று பார்த்திருந்தோம்.
அது கணக்கை எடுத்தது.
திப்ருகர் முதலில் போனது,
பிறகு சாப்பாடு, பிறகு விசா,
எங்களைப் பார்த்தபடியே மென்று முடித்தது.

ஆளுக்கொரு தாளில்
நினைவிலிருந்து எழுதி வருவதென்று பேச்சு.
மறுநாள் மூன்று தாள், மூன்று கூட்டுத்தொகை.

மிஸ்ரியாவுடையதில் ஒரு நாள் கூட.
கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன்
பாதையில் கடந்து பள்ளிக்கூடம் போனவள்.
மறுகரை தெரியாத ஆறு அங்கே இருக்கிறதாம்.
அதையும் பாதையில் கடக்கவேண்டுமாம்.
போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட்,
நடுவில் தேத்தண்ணி.

என்னுடையதில் 'எதிர்பாராதது' என்று ஒரு வரி,
மற்ற எல்லா வரியையும்விடப் பெரிது.
சண்டை வருடங்களில் பழகிய கை.
ஜசிந்தா கேட்டாள்,
"நல்லதா ஏதும் எதிர்பாராமல் நடந்தா
அந்தக் காசை என்ன செய்யிறது?"

அவளுடைய தாள் எல்லாவற்றிலும் குறைவு.
இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன், பிழையில்லை.
பிறகுதான் கண்டேன்,
திரும்பி வாற செலவு ஒன்றுமே எழுதவில்லை.
"மறந்திட்டன்" என்றாள்.
நாங்கள் வேறெதுவும் கேட்கவில்லை.
மிஸ்ரியா தன்னுடைய பொரியலில் பாதியை
அவள் பெட்டிக்குள் போட்டாள்.

போயா விடுமுறைக்கு ஒத்திகை பார்த்தோம்.
இரவு ரயில், மூன்றாம் வகுப்பு,
மூட்டுக்கும் முதுகுக்கும் பரீட்சை.
தம்பலகாமம் தாண்டமுன் எனக்குக் கால் விறைத்தது.
கல் ஓயாச் சந்தியில் நெடுநேரம் நின்றது.
வடை விற்கிறவன் மூன்று தரம் வந்து போனான்.
இதைப்போல எத்தனை இரவு சேர்ந்தால் அந்த நாலு இரவு
என்று மிஸ்ரியா விரல் மடக்கத் தொடங்கினாள்,
நிறுத்தம், தாமதம், எல்லாம் சேர்த்து.
அவள் முடிக்கவில்லை, மருதானை வந்துவிட்டது.

யன்னலில் தலை சாய்த்து, வாய் சற்றுத் திறந்து,
ஜசிந்தா மட்டும் வழி முழுக்க நித்திரை.
மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடந்தன.
தோளைத் தொட்டு எழுப்பினேன்.
வெளியே விளக்குகளைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
"இறங்கத்தான் வேணுமோ?"