துரைக்கு ஒரு குளம்

கண்ணாடிப் பெட்டியின் வலப்பக்கம் ஒரு முழம் கூட்டினேன்.
பசை காய, குன்னூர்க் குளிரில், நான்கு நாள்.
ஃபேக்டரியில் கழித்துப்போட்ட எனாமல் தட்டு,
ஏறி வர ஒரு சில்வர் ஓக் கிளை.

எதிர்வீட்டு ரெஜினா எட்டிப் பார்த்தாள்:
“குழாயில தண்ணி வந்து பன்னெண்டு நாளாச்சு.
தொரைக்கு நீச்சல் குளமா?”
துரை என்பது என் சோளப்பாம்பு.
அந்தத் தண்ணீர் என் குளியலில் பாதி என்று
சொல்லத் தோன்றவில்லை.

துரை நாக்கை நீட்டி இரண்டு முறை விசாரித்தது.
பிறகு தேங்காய் நாருக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.
ஒன்பது நாள் அப்படியே.
நான்தான் விரல் விட்டுப் பார்த்துப் பார்த்து
வெந்நீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி
மேலே எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது.
ஹீட்டர் விளக்கு அணைந்து, கண்ணாடியில் பனி ஏறியது.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால்
தட்டு நிறையத் துரை,
மூக்கு மட்டும் மேலே.
பெட்டிக்குள் சூடு ஆறாமல் மிச்சமிருந்தது
தண்ணீரில்தான்.

கதவைத் தட்டினாள் ரெஜினா. கையில் ஃபிளாஸ்க்.
“டீக்கு வெச்சது.
ஓரமா ஊத்து, மேல பட்டுறாம.”
வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.