முழு மாதம்

மார்ச் மூன்றாம் தேதி விடியற்காலை
ஹெட்விக் அம்ஸ்டுட்ஸ் காலமானார்.
ஐந்தாம் தேதி வரவேண்டிய ஓய்வூதியம்
வரவில்லை.
அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.
அவரும் அப்படித்தான் கேட்பார்:
"அழுகை பிறகு. எந்த மாதம்? எவ்வளவு?"

பீல் நகரம். ரயில் நிலையத்துக்குப் பின்னால்
சைக்கிள் திருத்தும் கடையின் மாடி.
வியாழன் மாலை ஆறு மணி.
ஒரு மேசை, ஏழு கதிரை, ஒன்றுக்குக் கால் ஆடும்.
ஆடுகிற கதிரையில் அவர்.

கடிகாரத்துக்குள் மாணிக்கக் கல் பதித்த விரல்கள்.
ஆலை பூட்டியபோது சொன்னார்களாம்,
வீட்டு மேசையில் செய்த பதினொரு வருட வேலை
எந்தப் பதிவிலும் இல்லையென்று.
நொடியை அளந்து விற்கிற ஊரில்
பதினொரு வருடம் காணாமல் போயிற்று.
வழக்காடினார். ஏழு திரும்பி வந்தது.
வராத நாலு வருடத்தின் கோபத்தில்தான்
எங்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்.

பழைய தொழிலின் கண்வில்லையை
வலக்கண்ணில் செருகிக்கொண்டு
சம்பளத் துண்டு படிப்பார்.
துப்புரவு வேலை இர்மெலிந்தாவின் துண்டு,
கூரை வேலை பெக்கிமின் துண்டு,
என்னுடையது.

ஏரிக்கரை ஹோட்டலில் ஒன்பது வருடம்
கோப்பை கழுவினேன்.
முதலாளி மாதாமாதம் வெட்டினான்,
கட்டவில்லை.
என் கணக்கில் ஒன்பது வரி வெள்ளை.
"வெட்டியதற்குச் சாட்சி இருந்தால் போதும்.
கட்டாதது உன் பிழையல்ல, சட்டம் இருக்கிறது.
போய்த் தேடு."

தேடினேன்.
பிள்ளையார் படம் சட்டத்துக்குள் ஆடாமலிருக்க
மனைவி மடித்து மடித்துச் செருகியிருந்தாள்
ஒன்பது வருடத் துண்டுகளையும்.
எந்தச் சட்டத்தைச் சொன்னாரோ,
சாட்சி அதற்குள்தான் இருந்தது.
ஹெட்விக் மோந்து பார்த்தார்:
"எண்ணெய் மணக்கிறது. நல்லது.
குசினியை யாராலும் போலியாகச் செய்ய முடியாது."

வென்ற கிழமை மனைவி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனாள்.
"இதெல்லாம் எதற்கு? முத்திரை வாங்கித் தா,
அடுத்த கடிதத்துக்கு உதவும்."
சொல்லிக்கொண்டே இரண்டு தின்றார்.

நல்லவர் என்று மட்டும் எழுதினால் பொய்.
தேதி பிழையாய் எழுதிய மாணவனைத் துரத்தினார்.
இர்மெலிந்தா படிக்கட்டில் இருமுறை அழுதாள்.
பெக்கிமின் மேன்முறையீட்டை
காய்ச்சலில் இரண்டு நாள் பிந்தி அனுப்பியவரும் அவர்தான்.
திருப்பி வந்த உறையைச் சுவரில் குத்திவைத்தார்,
தன் முகத்துக்கு நேரே.
பெக்கிம் மன்னித்துவிட்டான். உறை அங்கேயே இருந்தது.

அடக்கத்துக்கு நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார்.
ஏழைகள் மேல் அம்மையாரின் இரக்கம் பற்றி
அழகாகப் பேசினார்.
பின்வரிசையில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
அந்தச் சொல்லைக் கேட்டால் மேசையில் அடிப்பார் அவர்:
"இரக்கமில்லை. பாக்கி."

தூணிலிருந்து வந்த மருமகள் சொன்னாள்,
சின்னத் தொகை, விட்டுவிடுங்கள்.
விடலாமா?
இறந்த மாதம் முழுவதும் இறந்தவருக்கே உரியது.
அவர் சொல்லித்தந்த முதல் விதிகளில் ஒன்று.

வியாழன் மாலை ஆறு மணி.
ஆடுகிற கதிரையில் யாரும் இருக்கவில்லை.
பதிவேட்டில் கடைசி எண் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று.
அதன் கீழே எழுதினேன்:
அம்ஸ்டுட்ஸ், ஹெட்விக். கல் பதிப்பவர்.
கோரிக்கை: ஒரு மாதம்.
பெக்கிம் தேதியைப் பார்த்தான், மூன்று முறை.
மருமகள் கையெழுத்து வைத்தாள்.

ஏப்ரல் நடுவில் வந்தது,
மூன்று நாள் வாழ்ந்த மார்ச்சுக்கு
முப்பத்தொரு நாள் காசு.
மருமகள் வாங்க மறுத்து மேசையில் வைத்தாள்.
முத்திரை வாங்கினோம்.