பழுது என்னும் கட்டம்

எஸ்ட்கோர்ட் நகர்மன்றத்தின் தபால் கோச்சை
டிரெய்லரில் ஏற்றி வந்து
என் ஒர்க்‌ஷாப்பில் இறக்கினார்கள்,
முகம் நசுங்கிய டொயோட்டாவுக்கும்
கதவில்லாத வேனுக்கும் நடுவில்.

"சிவப்பு வேண்டும், மிஸ்டர் படையாச்சி,
அந்தக் காலத்துச் சிவப்பு"
என்றார் குழுச் செயலாளர் திருமதி ஃபான் ரூயன்.
அந்தக் காலத்தில் நான் இல்லை.
சுரண்டினேன்.
பச்சை, கறுப்பு, மறுபடி பச்சை,
யாரோ ஊர்வலத்துக்கு அவசரமாய் அடித்த மஞ்சள்,
அதற்கும் கீழே
மிளகாய் வற்றலின் முதுகைப்போல் ஒன்று.
அதுதான் என்றேன்.
அழுதுவிடுவார் போலிருந்தது.

ஒரு படிவம் தந்திருந்தார்கள்.
பாகம், பழுது, செய்யவேண்டியது.
கூடவே பழைய பதிவேட்டின் நகல்:
ரயில் வருமுன் மூய் ஆற்று லாயத்தில்
மாற்றிப் பூட்டிய குதிரைகள்.
டச்சஸ். கேப்டன். ஒற்றைக்கண் ரூபி.
கோபக்காரன் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லி
இன்னொரு கேப்டன்.
நள்ளிரவில் அவிழ்த்து, துடைத்து,
அடுத்த ஆறைப் பூட்டியவனுக்கு
ஒரே வரி: கூலி, ஒன்று. அரிசி, பருப்பு, உப்பு.
அவர்கள் மொழியில் அது ஆள்.
எங்கள் மொழியில்
ஆளுக்குத் தரவேண்டியது.

வியாழக்கிழமை
ஓட்டுநர் இருக்கைப் பலகையைக் கழற்றித் திருப்பினோம்.
அடிப்புறம் முழுக்க ஆணிக் கீறல்.
"மாட்டுக்குப் போடும் சூடா?" என்றான் போங்குமூசா.
படிவம் முன்னமே பார்த்து வைத்திருந்தது:
பலகை. கீறல்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும்.

நான் தமிழ் பேசுவேன்.
படிப்பது, பேருந்தின் பின்னால் ஓடுவது மாதிரி.
ஆனாலும் கோயில் அஸ்திவாரக் கல்லில்
வருஷம் இரண்டு விதமாய் இருக்கும், தெரியும்.
அரைநாள் கடையை அடைத்துப் போய்ப் பார்த்தேன்.
௧ கிடைத்தது. ௮ கிடைத்தது. ௯ கிடைத்தது.
மிச்சத்தைப் போன் சொன்னது.

வரிசை வரிசையாய் எண்கள்,
பெரும்பாலானவற்றின் மேல் ஒரு குறுக்குக் கோடு.
கோடு விழாத மூன்றின் பக்கத்தில் மட்டும்
உ.

போன் சொன்னது: இரண்டு.
குருக்கள் சொன்னார்: பிள்ளையார் சுழி,
எழுதத் தொடங்கியிருக்கிறான், பாவம்,
ஆள் கூப்பிட்டிருப்பார்கள்.
போங்குமூசா ஒன்றும் சொல்லவில்லை.
டீயை வைத்துவிட்டு
பலகையை முகர்ந்து பார்த்தான்.

இங்கே கோடை மழையோடு ஒரு குதிரை நோய் வரும்.
சாயங்காலம் நன்றாய் நிற்கும்,
விடியலில் மூக்கெல்லாம் நுரை.
சாணி மூட்டம் போட்டுப் பார்ப்பார்கள்,
முதல் உறைபனி விழும்வரை
ஒவ்வொரு காலையும் எண்ணிப் பார்ப்பார்கள்.
பிழைத்தெழுந்த குதிரைக்கு
மூன்று மடங்கு விலை.
அதற்கு ஒரு பெயரும் உண்டு:
உப்பேறிய குதிரை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
குதிரைக்கு உப்பிட்டது நோய்.
அவனுக்கு உப்பிட்டது பதிவேட்டின் ஒரு வரி.
யாரை நினைத்துக் கீறினான்?
இரண்டா, கணபதியா, உப்பா?
நான் உப்பு என்கிறேன்.
சாட்சி கேட்டால் இல்லை.

தேய்க்கவில்லை.
நிறமில்லாத வார்னிஷ் ஒரு கை.
பழுது என்ற கட்டத்தில்
கீறல்கள் என்பதை அடித்துவிட்டு
கணக்கு என்று எழுதினேன்.
"என்ன கணக்கு?" என்று மின்னஞ்சல் வந்தது.
பலகையைப் பூட்டிய பிறகு பதில் போட்டேன்.

ஊர்வலத்தன்று தூறல்.
மேயர் மேலே உட்கார்ந்து கையசைத்தார்,
மூன்று உகரங்களின் மீது, தொப்பியோடு.
தங்க எழுத்து நன்றாகவே வந்திருந்தது.
குதிரைகள் நான்கு, வாடகைக்கு,
எல்லாவற்றுக்கும் தடுப்பூசிச் சான்றிதழ்.
நூலகத்தின் முன் வண்டி நின்றபோது
சாம்பல் குதிரை ஒன்று கழுத்தை நீட்டி
என் முழங்கை வியர்வையை நக்கியது, விடாமல்.
பெயரென்ன என்று கேட்டேன்.
கடிவாளம் பிடித்திருந்த பெண்
ஏட்டைப் புரட்டிப் பார்த்தாள்.
"நாலு" என்றாள்.