ஐந்து வோல்ட்

ஈவினிங் பஜாரில் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கியது.
பின்பக்கம் 'இண்டர்நெட் டேப்லெட்' என்று இருந்தது.
விற்றவன் அதைப் படிக்கவில்லை,
ரிப்பேரான வீடியோ கேம் என்று நினைத்துத்
தள்ளிவிட்டான்.

கொருக்குப்பேட்டை, ஒற்றை அறை, இரண்டாம் மாடி.
ராத்திரியில் யார்டு கணக்கை அதில் ஏற்றுவேன்.
ஒரு கண்டெய்னருக்கு நாலு எழுத்து, ஏழு எண்.
இருநூறு கண்டெய்னர்.
சின்னக் குச்சியால் திரையைக் குத்திக் குத்தி
விரல் என்னுடையதாக இருக்காது.

ஆபீஸில் கழித்துக்கட்டிய கீபோர்டு ஒன்று கிடைத்தது.
அதில் ஏழு அழுந்தினால் எழாது.
பரவாயில்லை என்று
அடாப்டர் வைத்துச் சொருகினேன்.

இதுவும் சும்மா இருந்தது, அதுவும் சும்மா இருந்தது,
பூட்டிய கல்யாண மண்டபத்து வாசலில்
மொய்க் கவரோடு நிற்கும் இரண்டு பேர் மாதிரி,
வாங்க என்று சொல்ல ஆளில்லாமல்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் மஸ்தான் கடை.
கேட் போட்டிருந்தான். டேங்கர் எண்ணினேன்.
நாற்பத்தாறு வரை ஞாபகம்,
பிறகு ஒரு பையன் சைக்கிளைக் குனித்து
அடியில் நுழைந்ததைப் பார்த்ததில் விட்டுப்போயிற்று.

மஸ்தான் திறந்து பார்த்தான்.
"இது வாங்கித் துன்ற சாதிம்மா.
கம்ப்யூட்டராண்ட போய்க் குந்தும்,
குடுக்கறத வாங்கிக்கும்.
இன்னொருத்தனக் கூட்டியாந்து குந்த வெச்சு
சோறு போடணும்னா
இதுக்கு ஆவாது."

அப்படி விட மனசில்லை.
பிரவுசிங் சென்டரில் பக்கம் மூன்று ரூபாய்,
சில்லின் ஜாதகத்தில்
ஒன்பது பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்தேன்.
சில்லுக்கு இரண்டும் தெரிந்திருக்கிறது:
போய் உட்காரவும் தெரியும், வரவேற்கவும் தெரியும்.
வருகிறவருக்கு ஊற்ற ஐந்து வோல்ட் வேண்டும்,
அதற்கான வழியைத்தான் போர்டில் யாரும் போடவில்லை.

கொடுக்கத் தெரியாமல் இல்லை. கையில் இல்லை.

இந்த வித்தியாசத்தை
எனக்கு யாரும் பிரிண்ட் எடுத்துத் தர வேண்டியதில்லை.
எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால்
தயாளன் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவான்.
டீக்கடைக்குப் போகிறேன் என்பான்.
இடம் இல்லை என்று சொல்லவே மாட்டான்.

நாலு பேனா செல், ஆறு வோல்ட்.
நடுவில் ஒரு டயோடு, அது கொஞ்சம் தின்றுவிடும்.
மஸ்தான் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி வைத்ததில்
அவன் கடை மவுஸ் ஒன்று முதலில் செத்தது.
நாற்றத்தை ஊதிவிட்டு, "போவட்டும்" என்றான்,
மறுபடி ஈயத்தை உருக்கினான்.

டேப்லெட்டின் அடிமடியில் ஒரு கோப்பு.
அதில் 'ஹோஸ்ட்' என்று ஒரே சொல்லை எழுதச் சொன்னது ஒன்பதாம் பக்கம்.
குச்சியால் குத்தி எழுதினேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
தெரு முழுக்க ஒரு 'ப்ச்'.
மஸ்தான் டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தவன்
தேடுவதை நிறுத்திவிட்டான்.
கீபோர்டின் வலது மூலையில் பச்சையாக ஒரு பொட்டு.

திரையில் முதலில் வந்தது
7777777777777777777
நிற்கவேயில்லை,
கத்தி முனையால் அதை நெம்பி எடுக்கும்வரை.
இரண்டு பேரும் சிரித்தோம். கேட் திறந்துவிட்டது,
அத்தனை ஹாரனும் ஒரே மூச்சில்.

செல் நாலு ராத்திரிகூடத் தாங்கவில்லை.
மாசக் கடைசி.
ரிமோட்டிலிருந்து இரண்டு, டார்ச்சிலிருந்து ஒன்று,
சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள்,
எண்ணூரிலிருந்து, பிள்ளைகளோடு.
தயாளன் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான்.
பேசிக்கொண்டே இருந்தவள்
நடுவில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.
"அஞ்சேகால்தானே ஆவுது"
என்று காலை நீட்டிக்கொண்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே டீக்கடையில்
ஷட்டர் பாதி இறங்கும் சத்தம் கேட்டது.