பத்தாயிரம் என்று பாடினேன்

ஒல்டனிலிருந்து எட்மன்டனுக்கு
ஏழாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.
இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு
அதையே எழுதினேன்.

மிதுர்சன் பேஸ் கிட்டாரைக் கழற்றி வைத்தான்.
"ஏழாயிரத்து முந்நூறு வாயில சிக்குது.
பத்தாயிரம் எண்டு போடு.
நாலு தட்டு. சுகமா விழும்."
ரேத்தோவுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் குச்சியால் தொடையில் தட்டிப் பார்த்து
தலையாட்டினான்.

அப்படித்தான்
தாளத்துக்காக வாகீசனும் நானும்
இன்னும் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் பிரிந்தோம்.

நாங்கள் வாசித்த இடம்
எப்போதோ விழப்போகும் குண்டுக்காக
அடுக்குமாடிக்குக் கீழே கட்டிய பதுங்கு அறை.
கதவு ஒரு சாண் கொங்கிரீட்.
குண்டு வரவில்லை.
வந்தவை பனிச்சறுக்குக் கட்டைகள், வைன் போத்தல்கள்,
யாரோ ஒருவரின் விவாகரத்தில் மிஞ்சிய சோபா,
மாதம் எண்பது பிராங்குக்கு நாங்கள்.
கதவைச் சாத்தினால்
உள்ளே போடும் சத்தம் வெளியே போகாது.
வெளியே உள்ள சிக்னல் உள்ளே வராது.

"உன் குரல் கேளாமல் ஒரு பொழுதும் போகாது"
என்று அங்கே நின்று
பதினேழு தரம் பாடினேன்.
பதினாறாவதைத்தான் வைத்துக்கொண்டோம்.
அதில் என் தொண்டை நல்ல இடத்தில் உடைகிறது.

படியேறி மேலே வந்தால்
கைபேசி கோட்டுப் பைக்குள் துடித்துத் துடித்து
எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லும்.
அவன் அழைத்தது மூன்று தரம்.
மறுநாள் ஐந்து.
பிறகு ஒன்று.
பிறகு ஒரு கிழமை
நான் மட்டும் மேலே வந்தேன்.

வெள்ளிக்கிழமை பிறந்த நொடியில் பாட்டு வெளியானது.
அவனுக்கு வியாழன் மாலை நாலு மணி.
என் முதல் பாட்டு
அவனுக்கு இன்னும் வராத ஒரு நாளில் பிறந்தது.
மூன்று நிமிடம் பதினொரு விநாடி.
நாலு நிமிடம் பொறுத்தேன்.
ஆறு.
ஒன்பதாவது நிமிடம் எடுத்தான்.
வண்டியை எங்கோ ஓரங்கட்டியிருந்தான்,
இண்டிகேட்டர் டிக் டிக் என்றது,
எங்கள் பாட்டைவிடச் சற்று மெதுவாக.

நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.
அழவும் இல்லை, நான் எதிர்பார்த்திருந்தேன்.
"ஏழாயிரத்து முந்நூறுதானே," என்றான்.
"மிச்ச ரெண்டாயிரத்து எழுநூறையும்
எங்க வச்சிருக்கிறீர்?"

தாளத்துக்காக, என்றேன்.
"ஓம்," என்றான்.
எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஆம் என்று அர்த்தம்.
அன்று அதற்கு வேறு ஏதோ அர்த்தம்.

ரேத்தோ போத்தல் திறந்தான்.
மிதுர்சன் யாரையோ கட்டிப்பிடித்தான்.
நான் சோபாவில் இருந்து
கழித்துப் பார்த்தேன்:
ஒரு மாலைக்கு நூறு கிலோமீட்டர் என்றால்
இருபத்தேழு மாலை.
ஒத்திகைகளும் அவ்வளவுதான்.
கணக்கு இவ்வளவு சரியாக வரக்கூடாது.

விடிய ஐந்து நாற்பத்திரண்டு.
கிடங்கு வேலைக்கு ரயில்.
மேடைப் பக்கம் ஒரு கல் நிற்கிறது.
இந்த நாட்டின் தண்டவாளங்களை
இங்கிருந்துதான் அளந்தார்களாம்.
பூச்சியம்.
அதில் முதுகைச் சாய்த்து அழைத்தேன்.
அவனுக்கு இன்னும் வியாழன் தீரவில்லை.

பாட்டைப் பற்றி நானும் பேசவில்லை.
நேற்று பெல்ட்டில் ஒரு பெட்டி கிழிந்து
நானூறு பல்துலக்கி சிதறியதைச் சொன்னேன்.
"என்ன நிறம்?" என்றான்.
ரயில் வந்தது. கதவு திறந்தது. கதவு மூடியது.
அந்நேரம் நாற்பத்தொரு பேர்
என் ஏக்கத்தைக் கேட்டு முடித்திருந்தார்கள்.
பச்சை, என்றேன்,
கொஞ்சம் மஞ்சளும்.