பதிவு எண்

ரயில் ஏறும்போதே தகராறு.
பிச்சாவரம் போய்ப் படகேறலாம் என்கிறாள் அபிராமி.
லீவு நாள்ல யாராச்சும் காலேஜைப் பார்க்கப் போவாங்களா
என்கிறான் குகன்.
ஜன்னலோரம் யாருக்கு என்ற சண்டையில்
அந்தச் சண்டை மறந்துபோனது.

கேமரா என் மடியில்.
சிங்கப்பூரிலிருந்து கொழுந்தன் கொண்டுவந்து
எட்டு மாதம் பீரோவில் கிடந்தது.
வாரைக் கழுத்தில் மாட்டினால்
தாலிக்கொடியோடு சிக்கிக்கொள்கிறது.

கொள்ளிடம் பாலத்தில் எல்லோரும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தோம்.
ஆறு கால்வாசி, மணல் முக்கால்வாசி.
நான் அழுத்தும்போதெல்லாம்
குறுக்கே பாலத்து இரும்பு வந்து விழுந்தது.
பதினோரு படம், பதினோரு இரும்பு.
பன்னிரண்டாவதில் ஒரு கொக்கு.
இரும்பையெல்லாம் அழிச்சிடு என்றார் இவர்.
அழிக்கவில்லை.

சிதம்பரத்தில் இறங்கியதும்
மூவரும் கோபுரம் தெரியும் பக்கம் நடந்தார்கள்.
நான் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கை காட்டினேன்.
முதல்ல அங்க.

அண்ணாமலை நகர்.
என் பட்டத்தில் அச்சாகியிருக்கும் ஊர்.
மூன்று வருடம்
தபால் உறையின் மேல் மட்டுமே பார்த்த ஊர்.
பாடமெல்லாம் பழுப்புப் பார்சலில் வரும்.
கையெழுத்து வாங்கும்போது குத்தாலம் தபால்காரர்
இன்னும் எத்தனை மூட்டைம்மா வரும் என்பார்.
பரீட்சைக்கு மயிலாடுதுறையில் ஒரு பள்ளிக்கூடம்,
ஆறாம் வகுப்புப் பெஞ்சு, முழங்கால் இடிக்கும்.
குகனுக்கு அப்போது நாலு மாதம்.
வெளியே வேப்பமரத்தடியில்
இவர் தோளில் கிடந்து அவன் கத்தக் கத்த
மூன்றாம் கேள்வியில் எனக்கு ரவிக்கை நனைந்தது.
கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன்.
ஒன்றை நெஞ்சோடு வைத்துக்கொண்டு
இன்னொன்றில்
சோழர் கால நில அளவை எழுதி முடித்தேன்.
அந்தப் பேப்பரில் அறுபத்தி நாலு.

யாரைப் பார்க்கணும் என்றார் காவலாளி.
யாரையும் இல்லை.
இங்க படிச்சீங்களா?
ஆமாம் என்றாலும் பாதிப் பொய்
இல்லை என்றாலும் பாதிப் பொய்.
நான் கணக்குப் போடுவதற்குள்
பி.ஏ. வரலாறு சார் என்றார் இவர்,
தானே எழுதித் தேறியவர் மாதிரி.

பிறகு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.
தூங்குமூஞ்சி மரத்தின் நிழல்.
நூலகப் படியில் யாரோ மறந்த குடை.
சங்கிலி கழன்ற சைக்கிள்.
மாணவிகள் விடுதிக் கொடியில் நீலத் துண்டு,
அதற்குக் கொஞ்ச நேரம் நின்றேன்.
கட்டடத்தை எடும்மா, அதுக்குத்தானே வந்தோம்,
என்கிறாள் அபிராமி.
எடுக்கலாம். பெரிதாக இருக்கிறது,
எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

சைக்கிளில் வந்த பையன் தானாக நிறுத்தினான்.
நாலு பேரும் நில்லுங்க, நான் எடுக்கிறேன்.
கேமராவைக் கொடுக்க
கொடியிலிருந்து வாரை உருவ வேண்டியிருந்தது.
இவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.
குகன் வயிற்றை எக்கிக்கொண்டான்.
அக்கா எந்த பேட்ச்? என்றான் பையன்
கண்ணை மூடிக் கண்ணை இடுக்கி.
எனக்கு பேட்ச் கிடையாது.
வகுப்பு கிடையாது, பக்கத்து பெஞ்சு கிடையாது.
நம்பர் உண்டு.

கோயிலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது.
பிச்சாவரத்துக்கு நேரமில்லை.
இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்து
இருவரையும் சமாதானம் செய்தோம்.
கொத்சு அவர்களுக்குக் காரம்.

திரும்பும் ரயிலில் குகன் ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்க்கிறான்.
இருநூற்றுச் சொச்சம்.
அந்தப் பையன் எடுத்ததில்
எல்லோருக்கும் கால் இல்லை,
கட்டடத்துக்குத் தலை இல்லை,
இவருக்குக் கண் மூடியிருக்கிறது.
இதுல நீ மட்டும் ஏம்மா வாயைத் திறந்துக்கிட்டிருக்க?

பதிவு எண் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது இலக்கம்.
பையன் நாலாவதிலேயே அழுத்திவிட்டான்.