ஓர் அங்குலத்தில் எத்தனை

புதுவயலில் வெள்ளைத் துணி துவைக்கிறவர்கள்
முதலில் காற்றைக் கேட்டுக்கொள்வார்கள்.
மேல்காற்று என்றால் அறைக்குள் கொடி.
கொண்டல் என்றால் மொட்டைமாடி.
எந்தத் துறையும் வெளியிட்ட அறிவிப்பு அல்ல இது.

நான் ரவிக்கை தைக்கிறவள்.
பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைத்து அடுக்கிவைத்தால்
மறுநாள் காலரில் மிளகுப்பொடி தூவியிருக்கும்.
தட்டினால் போகாது.
தேய்த்தால் கோடாகும்.
ஆலைச் சாம்பல் என்றோம் நாங்கள்.
உங்கள் வீட்டு அடுப்புச் சாம்பல் என்றது ஆலை.
வரம்புக்குள் இருக்கிறது என்றது
அரசு அலுவலகக் கூரையிலிருந்து ஒரு பெட்டி.
அந்தக் கூரைக்குப் போக
இங்கிருந்து இரண்டு பஸ் மாறவேண்டும்.

சௌந்தரவல்லி வீட்டுக் குளியலறைக்கு ஒட்டியது போக
மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் பதினேழு.
பதினேழு மாடி.
பொழுது சாய்ந்ததும் துடைத்து வைப்பது,
விடிந்ததும் நடுவில் ஓர் அங்குலச் சதுரத்தில்
கரும்புள்ளி எண்ணுவது.
பூதக்கண்ணாடி, கடிகாரம் பழுதுபார்க்கும்
கனி ராவுத்தருடையது.
மூன்று பேர் எண்ணி, மூன்றையும் எழுதி,
ஒத்துவராததை அழிக்காமல் விடுவது.

அழிக்காதீர்கள் என்று சொன்னது
பாய்லருக்கு உமி தள்ளும் அடைக்கலம்.
அவருக்கு ஆலையில்தான் கூலி.
அதனால் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.
எத்தனை மணிக்கு எத்தனை கூடை என்று
பீடிக்கட்டுத் தாளில் எழுதி
பித்தான் வாங்க வரும் மகளிடம் கொடுத்தனுப்புவார்.
தேதியோடு.

ஆவணியில் ஒரு தாள்:
"குழாய் வெடிப்பு. பாய்லர் அணைப்பு. நாலு நாள்."
அந்த நாலு நாளும்
எழுபது இருந்த மாடியில் ஆறு, ஏழு.
கனி பாய் பூதக்கண்ணாடியை முத்தமிடாத குறை.
ஒன்பதாம் நம்பர் டைல்ஸில் மட்டும்
முப்பத்தெட்டு.
முப்பத்தாறு.
முப்பத்தொன்பது.
முப்பத்தெட்டு.

ஒன்பதுக்குப் பின்சந்தில்
என் தம்பி இருளப்பனின் பொரிகடலை அடுப்பு.
அவனும் உமிதான் எரிக்கிறான்.
சட்டியில் கடலை வெடிக்கிற சத்தம்
நான் தைக்கும்போது கேட்கும்.

காரைக்குடிக் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி
நோட்டு என் மிஷின்மேல் கிடந்தது.
போட்ட தையலைத் தடம் தெரியாமல் பிரிக்க
என்னைப்போல் ஊரில் ஆளில்லை.
ஒரு பக்கம்தான்.
எண்ணெய் விட்டேன் மிஷினுக்கு.
விட்ட மிஷினுக்கே மறுபடி விட்டேன்.

மறுநாள் மேடைக்குப் பின்னால்
'அறிவியலில் மக்கள் பங்கேற்பு' என்று பேனர்.
பங்கேற்றதற்கு
வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, ஒரு கீரைவடை.
கடைசியில் ஐந்து நிமிடம்.
வாரியத்துப் பொறியாளர் அம்மா கேட்டார்:
"உங்கள் கருவி சரியானதுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

கழுத்திலிருந்த நாடாவை எடுத்தேன்.
இதில் முதல் அங்குலம் தேய்ந்துபோச்சு, அம்மா.
அதனால் இரண்டிலிருந்து பிடிப்பேன்.
பதினோரு வருஷத்தில்
ஒரு ரவிக்கையும் இறுக்கிப் பிடித்ததில்லை.
பிறகு, கேட்காமலே,
ஒன்பதைப் படித்தேன்.
யாருடைய அடுப்பு என்பதையும்.

அரங்கில் ஒருவர் சிரித்தார்.
ஆலைத் தரப்பில் ஒருவர் வேகமாக எழுதிக்கொண்டார்.
அம்மா மூடிய பேனாவைத் திறந்தார்.
"மற்ற பதினாறையும் சொல்லுங்கள். மெதுவாக."

இருளப்பன் பதினெட்டு நாள் பேசவில்லை.
பத்தொன்பதாம் நாள் வந்து
புகைக்குழாய்க்கு எத்தனை அடி தகரம் வேண்டும்,
அளந்து சொல் என்றான்,
முகத்தைப் பார்க்காமல்.

பெட்டி இன்னும் அந்தக் கூரையில்தான்.
ஆலைக்கு ஒரு கடிதம் போயிருக்கிறதாம்.
பதில் வந்ததா, தெரியாது.
ஆனால் ஐப்பசியில் ஒரு விடியல்
அந்த அம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கி
நாலாம் நம்பர் மாடியில் முழங்காலிட்டு எண்ணினார்.
அறுபத்தொன்று.
கனி பாய்க்கு அறுபத்து நாலு.
எனக்கு அறுபது.

மூன்றையும் எழுதினோம்.